மூர்த்தி சார் பென் டிரைவ் இல்லாமல் ஒரு பில்ட்

பில்ட் ஓடும்வரை அப்படி ஒருத்தி ஆபீஸில் இருப்பதே யாருக்கும் தெரியாது, நின்றுபோனால் கேன்டீன்காரருக்குக்கூட அவள் சீட் எங்கே என்று தெரிந்துவிடும்: ஜாவா பில்ட் பார்க்கிறவர்களின் பிழைப்பு இவ்வளவுதான். திரையில் சிவப்பாக வந்து நிற்கும் "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு" என்ற வரியைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் வாருங்கள், நாம் சொந்தக்காரர்கள்.

அந்தப் பாக்கியம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் எழுதும் எந்த மென்பொருளும் முழுக்க நாமே எழுதியதல்ல. பாதிக்கு மேல் ஊரார் எழுதி இணையத்தில் வைத்திருக்கும் துண்டுகள். மேவன் என்றொரு கருவி போய் அந்தத் துண்டுகளை இறக்கிவந்து, நாம் எழுதியதோடு சேர்த்துக் கட்டித் தரும். இந்தக் கட்டும் வேலைக்குத்தான் பில்ட் என்று பெயர். துண்டைத் தரும் சர்வர் முதலில் "நான் இன்னார்" என்று ஒரு சர்டிஃபிகேட்டை நீட்டும். அதைக் கொடுத்தவர் யார் என்று ஜாவாவுக்குத் தெரிந்திருந்தால் துண்டு வரும், கடைசியில் திரையில் பச்சை வரும். தெரியாவிட்டால் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பச்சையாக்குவது என் வேலை.

நான் ரெஜினா. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு நடுத்தரமான கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தேன். வருடா வருடம் புதுப்பிப்பார்கள். வீடு லிங்கராஜபுரத்தில், நானும் அம்மாவும் மட்டும். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். சுரங்கத்தை மூடியபிறகு பெங்களூர் வந்தோம், இப்போது அவர் இல்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்குப் பெற்றோரையும் சேர்த்து மருத்துவக் காப்பீடு உண்டு. கான்ட்ராக்ட்காரிக்குக் கழுத்தில் அடையாள அட்டை உண்டு, அதோடு சரி. சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா சமையலறைக்குப் போவதைப் பார்த்துவிட்டு தினமும் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் நவீன் என்னைக் கூப்பிட்டார். சந்தாபுராவில் தமிழர்கள் நடுவே வளர்ந்த கன்னடக்காரர், பேச்சில் இரண்டும் கலந்து வரும். சென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் ஒரு நிறுவனம் எங்கள் பெரிய கஸ்டமர். நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் நாங்கள் செய்த மென்பொருள் வழியாகத்தான் போகும். அதற்குள் கண்ட இடத்துச் சரக்கு எதுவும் நுழையவில்லை என்று அவர்களுக்கு நிச்சயம் வேண்டுமாம். அதனால் ஆள் அனுப்பப் போகிறார்கள். ஒன்றுமே இல்லாத காலி மெஷினில், அவர்கள் கண்முன்னால், பில்ட் செய்து காட்ட வேண்டும். சொல்லி முடித்துவிட்டு நவீன் கதவைச் சாத்தினார். "பில்ட் வந்துச்சுன்னா நீங்க பர்மனென்ட் ரெஜினா, நான் மேல பேசிட்டேன். வரலைன்னா கஸ்டமரே இருக்க மாட்டாங்க, அப்புறம் உங்க கான்ட்ராக்ட் ஏனாகுதோ எனக்கே கொத்தில்ல, சத்தியமா தெரியாது."

புதியவர்களுக்குப் பிரசாதம்

எங்கள் ஆபீஸில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதலில் அடையாள அட்டை, பிறகு லேப்டாப், அதன்பிறகு மூர்த்தி சாரின் பென் டிரைவ். மூர்த்தி சார்தான் இந்த மென்பொருளை ஆரம்பத்திலிருந்து கட்டியவர். மல்லேஸ்வரத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம், அவர் அப்பா மாநில அரசு வேலையில் இருந்தவர். சார் மெஷினில் மேவன் இறக்கிச் சேர்த்து வைத்திருந்த துண்டுகள் அத்தனையும் அந்தப் பென் டிரைவில் ஒரே ஃபோல்டராக இருக்கும். அதைக் காப்பி செய்துகொண்டால் மேவன் எதற்காகவும் வெளியே போக வேண்டாம். முதல் பில்ட் பச்சையாக வந்ததும் சேர்ந்தவர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கித்தர வேண்டும். நானும் வாங்கித் தந்திருக்கிறேன்.

நவீன் சொன்ன "காலி மெஷின்" என்ற வார்த்தையை அசைபோட்டுக்கொண்டே சீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆபீஸில் யாருமே வெகுகாலமாக இணையத்திலிருந்து முழுசாக எதையும் இறக்கிப் பார்த்ததில்லை. அத்தனை பேரும் ஒரே பாத்திரத்துச் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டு, அடுப்பு எரிகிறதா என்றே பார்க்காமல் இருந்திருக்கிறோம். பென் டிரைவ் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று மூர்த்தி சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடற வண்டியோட பானெட்டை எதுக்கும்மா தெறக்கறே?"

பிரவுசரில் வருகிறதே!

ஒரு புது மெஷினை வாங்கி, ஜாவாவும் மேவனும் போட்டு, ஒத்திகை ஆரம்பித்தேன். இறக்கப் போன முதல் துண்டிலேயே சிவப்பு. நம்ம பிகேஐஎக்ஸ் தான். மூர்த்தி சார் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, அதே முகவரியை பிரவுசரில் திறந்தார். பக்கம் அழகாக வந்தது. "பிரவுசர்ல வருதேம்மா! நெட் இருக்கு, சைட் இருக்கு, எல்லாம் இருக்கு. நீதான் ஏதோ தப்பா செட் பண்ணியிருக்கே" என்றார். சொந்தக்காரர்களே, இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பீர்கள்! ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் உண்டியலில் போட்டிருந்தால் நாமெல்லாம் இன்றைக்கு வேலைக்கே போக வேண்டியதில்லை.

நான் வாதாடவில்லை. பிரவுசரில் அந்தச் சர்டிஃபிகேட்டைத் திறந்து, கொடுத்தவர் பெயரைப் பார்த்தேன். உலகம் அறிந்த நிறுவனம் எதுவும் இல்லை, எங்கள் கம்பெனி பெயரே இருந்தது! நேராக நெட்வொர்க் பார்க்கும் இம்தியாஸிடம் போனேன். சமீபத்தில் அவர் ஒரு பாதுகாப்புப் பெட்டி மாட்டியிருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு பார்சலையும் அது பிரித்துப் பார்த்துவிட்டு, கம்பெனியின் முத்திரையை வைத்து மறுபடி ஒட்டி அனுப்பும். இந்த முத்திரை நம்முடையதுதான் என்று ஆபீஸின் எல்லா விண்டோஸ் மெஷினுக்கும் சொல்லியாகிவிட்டது, அதனால் பிரவுசர் சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கிறது. ஜாவா அப்படியில்லை. தான் நம்புகிறவர்களின் பெயரைத் தனியாகத் தன்னிடமே வைத்திருக்கும், விண்டோஸைக் கேட்காது. அபார்ட்மென்ட் செக்ரட்டரியே வந்து சொன்னாலும் "என்கிட்ட பேர் இல்ல சார்" என்று கேட்டைச் சாத்தும் வாட்ச்மேன் மாதிரி. நான் விளக்கி முடித்ததும் இம்தியாஸ் கையை விரித்தார். "நக்கோ மேடம், நம்ம பெட்டி மேல கை வெக்காதீங்க. உங்க ஜாவாவுக்குத்தான் யாரையும் நம்பற புத்தியே இல்ல."

ஒரே ஒரு வரி

வழி தெரிந்துவிட்டது. கம்பெனியின் முத்திரையை ஜாவாவுக்கும் அறிமுகம் செய்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சர்டிஃபிகேட்டை என் கையில் கொடுக்க இம்தியாஸுக்கு அவருடைய மேலதிகாரியின் அனுமதி வேண்டும், அந்த மேலதிகாரி மும்பையில். சென்னைக்காரர்கள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது மூர்த்தி சார் ஒரு யோசனை சொன்னார். மேவனுக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், அது சர்டிஃபிகேட்டையே பார்க்காது, யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்த வரி உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதை நான் இங்கே எழுதமாட்டேன். நவீன் முகம் மலர்ந்துவிட்டது. "அதைப் போடுங்க ரெஜினா, ஸ்வல்ப நாளைக்குத்தானே. இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சதும் எடுத்துடலாம்."

எனக்குக் கோபம் வந்தால் தங்கவயல் தமிழ் வந்துவிடும். "இன்னா பேசறீங்க ரெண்டு பேரும்? வாட்ச்மேன் கண்ணைக் கட்டிட்டு கேட்டைத் தொறந்து வுட்டுட்டு, பாதுகாப்பா இருக்கோம்னு வந்தவங்களுக்குக் காட்டப் போறீங்களா? யாரு யாரு ரத்த ரிப்போர்ட்டோ இந்த வழியா போவுது. அதைப் பார்க்கத்தான அவங்க வர்றாங்க?" என்று கத்திவிட்டேன். கத்தும்போது வீரமாகத்தான் இருந்தது. கத்தி முடித்ததும் பயம் வந்தது. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் அன்றைக்கே பச்சை வந்திருக்கும், யாரும் கண்டுபிடிக்காமலும் போயிருக்கலாம். நான் வேண்டாம் என்று சொன்னது என் வேலையை மட்டுமல்ல, அம்மாவின் காலையும் சேர்த்துத்தான் என்று தெரிந்தே சொன்னேன். நவீன் எழுந்தார். "சரி, உங்க இஷ்டம். ஆனா அன்னைக்குச் சிவப்பு வந்தா உங்க பேரைத்தான் சொல்வேன், என் பேரை இல்ல."

எந்த ஜாவா?

அன்றிலிருந்து இம்தியாஸுக்கு நிம்மதி இல்லை. காலையில் அவர் வரும்போது நான் அவர் சீட்டருகே இருப்பேன், சாயங்காலம் பார்க்கிங்கில் வண்டியை எடுக்கும்போதும் இருப்பேன். என் தொல்லை தாங்காமல் மும்பைக்கு அவரே போன் போட்டு அனுமதி வாங்கி, சர்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஓடிப்போனார். அதை ஜாவாவின் பெட்டகத்தில் சேர்க்க ஒரு கடவுச்சொல் வேண்டும். உலகம் முழுக்க எல்லா ஜாவாவுக்கும் அது ஒன்றுதான், "சேஞ்ச் இட்". மாற்று என்று அதுவே கெஞ்சியும் ஒருத்தரும் மாற்றியதில்லை. நான் கேன்டீனுக்குப் போய்வருவதற்குள் மூர்த்தி சார், தன் யோசனையைத்தான் நான் கேட்கவில்லை, இதையாவது செய்யலாம் என்று தானே உட்கார்ந்து சேர்த்து முடித்திருந்தார். "ஆய்த்து!" என்றார். ஓட்டினால் சிவப்பு. மறுபடி சேர்த்தார். மறுபடி சிவப்பு.

"எந்த ஜாவாவில் சேர்த்தீங்க சார்?" என்று கேட்டேன். "எந்த ஜாவான்னா? ஜாவாதான்" என்றார். அங்கேதான் விஷயம். தனக்கு வசதியாக இருக்கட்டும் என்று அவர் வழக்கமாகக் கோட் எழுதும் எடிட்டரை அந்த மெஷினில் போட்டிருக்கிறார். அது தன் வயிற்றுக்குள் தனியாக ஒரு ஜாவாவை வைத்துக்கொண்டுதான் வரும். சர்டிஃபிகேட்டை அதில் சேர்த்திருக்கிறார். மேவன் ஓடியதோ நான் போட்ட ஜாவாவில். பக்கத்து வீட்டு மீட்டருக்குக் கரண்ட் பில் கட்டிவிட்டு நம் வீட்டில் ஏன் விளக்கு எரியவில்லை என்று கேட்ட கதை. மேவனையே கேட்டால், தான் எந்த ஜாவாவில் ஓடுகிறேன், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை. திரையில் அந்த இடத்தைக் காட்டினேன். மூர்த்தி சார் அசரவில்லை. "நான் சேர்த்த ஜாவாவுக்காவது இனிமே நல்லா நெட் வரும் இல்லே?"

கோபம் தீராத மேவன்

சரியான ஜாவாவில் நானே சேர்த்தேன். இந்தமுறை வந்தே தீரும் என்று நவீனையும் கூப்பிட்டுப் பின்னால் நிற்கவைத்துக்கொண்டேன். ஆணவம்தான், வேறென்ன. ஓட்டினேன். சிவப்பு! அதே சிவப்பு. நவீன் கையிலிருந்த காபியை மேசையில் வைத்தார்.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தோற்கிறோம். செய்தது தப்போ என்று சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பிப்போம். எனக்கு ஒன்று இடித்தது. சிவப்பு ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. வெளியே போய் முட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் கொஞ்சமாவது நேரம் எடுத்திருக்கும். வரியை நிதானமாகப் படித்தேன். மேவன் வெளியே போகவே இல்லை. "போன தடவை கேட்டேன், கிடைக்கவில்லை. அதை மனசில் வைத்திருக்கிறேன், இப்போதைக்கு மறுபடி கேட்க மாட்டேன்" என்கிற அர்த்தத்தில் எழுதியிருந்தது. கட்டளையின் கடைசியில் மைனஸ் யு என்று சேர்த்தால், மனசில் வைத்ததை மறந்துவிட்டு மறுபடி போய்க் கேட்கும். சேர்த்தேன். பாருங்கள், துண்டு துண்டாக, வரி வரியாக, திரை நிறைய இறங்க ஆரம்பித்தது. நான் நாற்காலியிலிருந்து குதித்தே விட்டேன். நவீன் வைத்த காபியை மறுபடி எடுத்துக்கொண்டார். "நம்ம சிக்கப்பா மாதிரியே இருக்கே. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தோம், அவரா வந்து பேசவே இல்ல, நாமதான் போய்க் கும்பிடணும்."

உலகத்தில் எங்கும் இல்லாத ஜார்

இறங்கிக்கொண்டே இருந்த வரிகள் ஓரிடத்தில் நின்றன. இது சர்டிஃபிகேட் சண்டை இல்லை. "இப்படி ஒரு துண்டு எங்கேயும் இல்லை" என்றது மேவன். துண்டுக்கு எங்கள் தொழிலில் ஜார் என்று பெயர். அந்த ஜாரின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் "மூர்த்தி-ஃபைனல்-2" என்று இருந்தது. நான் சத்தமாகப் படித்ததும் அந்த வரிசையில் இருந்த அத்தனை தலைகளும் மூர்த்தி சார் பக்கம் திரும்பின.

அவர் முகம் சுருங்கிப்போய்விட்டது. கதையை மெல்லச் சொன்னார். ஆரம்ப காலத்தில் ரிப்போர்ட் அச்சாகும்போது தமிழில் இருக்கும் நோயாளிகளின் பெயர்களில் கொம்பும் காலும் இடம்மாறி வந்திருக்கிறது. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த அச்சுத் துண்டை இவர் உட்கார்ந்து திருத்தி, தன் ஃபோல்டரில் கையால் போட்டுவைத்திருக்கிறார். அன்றைக்கு அவசரம். பிறகு பென் டிரைவ் வழியாக அது எல்லோர் மெஷினுக்கும் போய்விட்டது, கம்பெனியின் பொதுச் சேமிப்பில் சேர்க்க மறந்தே போய்விட்டது. திருத்திய மூல எழுத்து எங்கே சார் என்று கேட்டால், வீட்டில், பழைய லேப்டாப்பில், அதில்தான் அவர் மனைவி சீரியல் பார்க்கிறார். அன்றைக்கு ராத்திரி அந்த அம்மா சீரியலை விட்டுக்கொடுத்ததை நான் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும். மறுநாள் மூர்த்தி சார் அந்த லேப்டாப்பை மஞ்சள் பையில் சுற்றி எடுத்துவந்தார். இருவரும் உட்கார்ந்து அதை ஒழுங்காகச் சோதித்து, கம்பெனியின் சேமிப்பில் சேர்த்து, மற்ற ஜார்களைப் போல நாகரிகமான ஒரு எண்ணும் கொடுத்தோம். அவ்வளவு நல்ல திருத்தம் அது, எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. எண்ணை மாற்றும்போது மட்டும் தயங்கினார். "வெர்ஷன்ல வேண்டாம், சரி. உள்ளே ஒரு ஓரத்துல கமென்ட்லயாவது என் பேர் இருக்கட்டும்மா."

வேதவல்லி மேடத்தின் லேப்டாப்

சென்னையிலிருந்து வந்தவர் வேதவல்லி மேடம். காலை ரயிலில் வந்து, ஹெப்பகோடி தாண்டுவதற்குள் எங்கள் டிராஃபிக்கை நன்றாக அனுபவித்துவிட்டு, அந்த எரிச்சலோடு உள்ளே நுழைந்தார். நாங்கள் துடைத்து மேசையில் வைத்திருந்த மெஷினை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க தயார் பண்ணி வெச்சது காலியா இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, தன் பையிலிருந்து ஒரு புது லேப்டாப்பை, கம்பெனி அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்தார். அதன் நாடாவைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

மேடம் எதையும் எங்களைத் தொடவிடவில்லை. நான் சொல்லச் சொல்ல அவரே தட்டினார். எங்கள் முத்திரையைச் சேர்க்கும் முன், அது உண்மையிலேயே இம்தியாஸ் பெட்டியுடையதுதானா என்று சரிபார்க்க வேண்டும் என்றார். சரியான கேள்வி. இம்தியாஸ் அதை அடையாளம் காட்டும் கைரேகை போன்ற எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க, மேடம் தன் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கொஞ்சநேரம் தம்போலா ஆடுகிற இடம் மாதிரி இருந்தது. சேர்த்து முடித்து, மேவனை ஓட்டினார். சிவப்பு.

"மறுபடியும் அதே பிகேஐஎக்ஸா?" என்று நவீன் முனகினார். மூர்த்தி சாரின் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னேன். அம்மா முகம் கண்முன் வந்தது. ஆனாலும் படித்தேன். நம் தொழிலில் கடவுள் இருந்தால் அவர் கடைசி வரியில்தான் இருப்பார். இது பாத் பில்டிங் இல்லை, பாத் வேலிடேஷன். கொடுத்தவரை ஜாவாவுக்குத் தெரிந்துவிட்டது, நம்பவும் செய்கிறது. இந்தச் சர்டிஃபிகேட் செல்லுபடியாகும் தேதி இன்னும் வரவில்லை என்கிறது. நான் திரையின் மூலையைப் பார்த்தேன். தொழிற்சாலையில் அடைத்த லேப்டாப், போன வருடத் தேதியிலேயே இருந்தது. இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றால் இம்தியாஸின் பெட்டி அதையும் தடுத்திருக்கிறது.

"மேடம், பில்டில் தப்பில்ல. உங்க லேப்டாப் இன்னும் போன வருஷத்துல இருக்கு" என்றேன். அவர் மூலையைப் பார்த்தார், தேதியைத் திருத்தினார், நான் சொன்னபடி மைனஸ் யு சேர்த்து ஓட்டினார். இறங்கியது, இறங்கியது, மூர்த்தி சாரின் ஜாரும் இறங்கியது, கடைசியில் பச்சையில் "பில்ட் சக்ஸஸ்". மூர்த்தி சார் பாக்கெட்டிலிருந்து கையை வெறுமனே எடுத்தார். வேதவல்லி மேடம் என் பக்கம் திரும்பினார். "வந்தவ லேப்டாப்லதான் தப்புன்னு வந்தவ கிட்டயே சொல்றீங்களே, பரவாயில்லையே!"

கைதட்டல் வாங்கிய சிவப்பு

மைசூர்பாகுக்கு ஆள் அனுப்ப நவீன் எழுந்தார். "இருங்க, இன்னும் முடியல" என்றார் மேடம். தன் லேப்டாப்பின் ஜாவாவில் சேர்த்திருந்த எங்கள் முத்திரையை நீக்கினார். இறக்கிவைத்த துண்டுகளின் ஃபோல்டரையும் ஒட்டக் காலி செய்தார். "இப்ப நீங்க ஓட்டுங்க" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நவீனுக்குப் புரியவில்லை. "மேடம், அதை எடுத்துட்டா பில்ட் வராதே" என்றார். "வரக் கூடாது" என்றார் மேடம். "சரிபார்க்கறதை எங்கயாவது நிறுத்தி வெச்சிருந்தீங்கன்னா இப்பவும் பச்சை வரும். நான் போன மூணு இடத்துலயும் வந்தது."

நவீன் என்னைப் பார்த்தார். அந்த ஒரே ஒரு வரி அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. நான் தட்டினேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக, சிவப்பு வரவேண்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டு தட்டினேன். வந்தது. முதல் துண்டிலேயே, தெளிவாக, "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்டு". இத்தனை வருடம் என் சோற்றில் மண்ணைப் போட்ட அந்த வரியைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இம்தியாஸ் விசிலடித்தார், மூர்த்தி சார் கைதட்டினார், என்ன நடக்கிறது என்று தெரியாமலே வெளியில் இருந்தவர்களும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டினார்கள். வேதவல்லி மேடம் லேப்டாப்பை மூடினார். "பச்சையை எல்லாரும் காட்டறாங்க. வரவேண்டிய எடத்துல சிவப்பைக் காட்டினது நீங்க ஒருத்தர்தான்."

அம்மா கேட்டது

கஸ்டமர் எங்களை விட்டுப் போகவில்லை. "சிவப்பு வந்தா உங்க பேரைச் சொல்வேன்னு சொன்னேன் இல்ல, சொல்லிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே நவீன் நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். காப்பீட்டில் அம்மாவைச் சேர்த்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஒரு கால் முடிந்து, இடைவெளி விட்டு இன்னொரு காலும் முடிந்தது. இப்போது அம்மா வாசல்வரை தானாக நடந்துபோய்க் கீரைக்காரியோடு சண்டை போடுகிறார், நான் அதைக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாக ஆபீஸுக்குக் கிளம்புகிறேன்.

முதல் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் படுத்திருந்தபோதுதான், வேலை எப்படி நிரந்தரமானது என்று அம்மா விசாரித்தார். காலி மெஷின், முத்திரை, சிவப்பு, கைதட்டல் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரும் எட்டிப் பார்த்துக் கேட்டார். அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, கட்டுப்போட்ட காலை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தார். "அப்போ ஓடலைன்னு காட்டினதுக்காடி உனக்கு வேலை குடுத்தாங்க?"

ஆமாம், வருடக்கணக்கில் பச்சை காட்டியதற்கு எனக்குக் கிடைத்தது கான்ட்ராக்ட் புதுப்பிப்பு, சரியான இடத்தில் ஒரே ஒருமுறை சிவப்பு காட்டியதற்குக் கிடைத்தது இரண்டு முழங்கால்.